லா நோரியாவில் யாரும் பார்க்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலைகளில், கார்ப்பஸ் கிறிஸ்டி நகரத்து லா நோரியாவில் அடுப்பு மூட்டுகிற வீடு குறைவு. பிளாசிதோவின் கடையில் மாட்டுத்தலை இறைச்சி ராத்திரி முழுக்க வெந்து கிடக்கும். பூசை முடிந்ததும் முடியாததுமாகத் தெருவே பாத்திரமும் கையுமாக அங்கே போய் நிற்கும். அன்றைக்கும் அப்படித்தான். சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த காற்றில் அழுகிய முட்டை வாடை அடித்தது. அதற்கெல்லாம் மூக்கைப் பொத்துகிறவர்கள் அந்தத் தெருவில் இல்லை. எர்லிந்தா தன் பழைய பிக்கப் வண்டியைக் கடைக்கு எதிரே ஓரங்கட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

நாற்பதைத் தாண்டியவள். ஆலையில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிற கூட்டத்தில் வேலை. தொட்டிக்குள் இறங்குகிற ஆண்களுக்கு மேலே வாயில் நின்று காவல் பார்ப்பது அவள் பொறுப்பு. உள்ளே ஒருவன் வாயு தாக்கி மயங்கினால் கயிற்றைப் பிடித்து இழுத்து வெளியே போடுவாள். தோளும் கையும் அதற்கேற்றபடி இறுகியிருக்கும். ஹூஸ்டனுக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடித்தனம் வைத்துக்கொண்டான். அதைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. அவளுக்கும் சேர்த்துத் தெரு பேசியது.

கடை வாசலில் சிரிலோவின் ஐஸ் சீவல் வண்டி நின்றது. அறுபது வயதுக் கட்டைப் பிரம்மச்சாரி. தெருவுக்கு அவர் 'தோன்', பெரியவர்; அவருக்குத் தெருப் பெண்கள் எல்லோரும் 'மிஹா', மகள். புளிச்சாற்றை ஊற்றி மேலே மிளகாய்த்தூளைத் தூவித் தருவார். வாயில் அதைவிடக் காரம் இருக்கும்.

"என்ன எர்லிந்தா, ஹூஸ்டன்காரன் திரும்பி வர்றானா? இல்ல நான் இன்னும் கொஞ்ச நாள் காத்துக்கிட்டு இருக்கவா?"

"உங்க வண்டிச் சக்கரமே ஆடுது தோன் சிரிலோ. முதல்ல அதைப் பாருங்க."

"வண்டிதான் ஆடுது, மிஹா. ஆளு கல்லு மாதிரி."

வரிசை சிரித்தது. சிரிலோ அந்தச் சிரிப்பை வாங்கி வைத்துக்கொண்டவர்போலக் குனிந்து, ஐஸ் பாளத்தைச் சீவ ஆரம்பித்தார்.

நாய் குரைத்துக்கொண்டு வந்திருந்தால் யாராவது எச்சரித்திருப்பார்கள். அது சத்தமே போடாமல் வந்தது. செம்பட்டை நிறம், பானை போன்ற தலை. குனிந்திருந்த சிரிலோவின் மேல்கையைக் கவ்வி அவரைச் சாலையில் இழுத்துப் போட்டது. வண்டி கவிழ்ந்து சாறுப் புட்டிகள் உடைந்தன. அவர் மறு கையால் அதன் முகத்தில் குத்தினார். அது பிடியை மாற்றித் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் பல்லை இறக்கிக்கொண்டு தலையை உதறியது.

வரிசை சிதறியது. பாதிப் பேர் கடைக்குள் ஓடிக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மற்றவர்கள் கார்களின் மேல் ஏறி நின்றார்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி தோஞா தோமாசா பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்தபடி சுவரில் ஒட்டிக்கொண்டாள். எர்லிந்தா தன் வண்டிக்கு ஓடினாள். பின்தட்டில் வேலைக்குக் கொண்டுபோகிற கடப்பாரை கிடந்தது.

அவளுக்கு அந்த நாயைத் தெரியும். சுல்தான். மூன்று வீடு தள்ளியிருக்கிற உபால்தோவுடையது. வேலி வழியாக எத்தனையோ தடவை அவள் அதற்கு எலும்பு போட்டிருக்கிறாள், அவள் கையையும் அது நக்கியிருக்கிறது. அதனால் முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காது அசைந்தது, பிடி தளரவில்லை. கடப்பாரையின் முனையை அதன் பல்லிடுக்கில் செருகி நெம்பிப் பார்த்தாள். பல் ஒன்று உடைந்ததே தவிர வாய் திறக்கவில்லை. கீழே சிரிலோவின் குதிகால்கள் தாரில் உதைத்துக்கொண்டிருந்தன. அவள் இரண்டடி பின்னால் வந்து, கடப்பாரையைத் தலைக்கு மேல் தூக்கி, நாயின் முதுகுத்தண்டு கழுத்தோடு சேரும் இடத்தில் அடித்தாள். அது விழுந்தது, ஆனால் விடவில்லை. திரும்ப அடித்தாள். அதன் பிறகு எத்தனை அடி என்று அவளுக்கே தெரியாது. நிறுத்தியபோது கை வழுக்கியது.

அப்போதுதான் உபால்தோ வந்தான்.

உபால்தோ வியேகாஸைப் பற்றிச் சொல்லவேண்டும். லா நோரியாவில் ஏசி ரிப்பேர் செய்கிறவன் அவன் ஒருவன்தான். கார்ப்பஸ் கிறிஸ்டியின் ஆகஸ்ட் வெயிலில் ஏசி நின்றுபோன வீட்டில் கைக்குழந்தையையோ வயசாளியையோ வைத்திருப்பவர்களுக்கு அவன் சாமி மாதிரி. கூப்பிட்ட நேரத்துக்கு வருவான், கூலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பான், போகும்போது குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவான். சாவு விழுந்தால் பெட்டியைத் தூக்க முதல் ஆள். பின்கட்டில் அவன் வளர்க்கிற சண்டை நாய்களைப் பற்றியும், வெளியூர்த் தோட்டங்களில் அவை போடுகிற சண்டைகளைப் பற்றியும் எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசுவதில்லை.

எர்லிந்தாவும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவன் மகள் நோயெமிக்கு ஞானஸ்நானத்தின்போது எர்லிந்தாதான் ஞானத்தாய். அந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே, கொமாத்ரே. சேர்ந்து சுவர் ஏறிக் குதித்த காலத்து 'நீ' போய் 'நீங்க' வந்தது. லா நோரியா மக்களிடையே அது ரத்த உறவுக்கு மேலான உறவு. அதை முறித்தவனோடு அப்பம் உண்ணமாட்டார்கள்.

அவன் பனியனோடு, பாதி மழித்த முகத்தோடு வந்து நாயின் பக்கத்தில் மண்டியிட்டான். அதன் தலையைத் தூக்கிப் பார்த்தான். தலை அவன் கையில் நிற்கவில்லை. பக்கத்திலேயே கிடந்த சிரிலோவின் கழுத்திலிருந்து ரத்தம் கொப்பளித்ததை அவன் பார்த்தானா என்று சொல்ல முடியாது. எழுந்தான்.

"கொமாத்ரே, இது என்ன செஞ்சிட்டீங்க" என்றான், மிகத் தாழ்ந்த குரலில்.

அவள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, மேல்சட்டையைக் கழற்றிச் சிரிலோவின் கழுத்தில் அழுத்தக் குனிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தவளின் முகத்தில் அவன் முஷ்டி இறங்கியது. தாடை நொறுங்கியது அவளுக்குக் காதுக்குள்ளே கேட்டது. மல்லாந்து விழுந்தவளை விலாவில் உதைத்தான். அவள் சுருண்டாள். தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, நாய் கிடந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய், அதன் ரத்தத்தில் அவள் முகத்தை வைத்துத் தேய்த்தான். தேய்க்கும்போதும் 'கொமாத்ரே' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான், 'நீங்க' என்றுதான் சொன்னான்.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் முகங்கள் இருந்தன. கார் மேல் நின்றவர்கள் அங்கேயே நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை.

கை ஓய்ந்ததும் அவன் நாயை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல வீட்டுக்குப் போனான். அவன் கதவு சாத்திய சத்தம் கேட்ட பிறகுதான் பிளாசிதோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்.

மருத்துவமனையில் எர்லிந்தாவின் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கம்பி போட்டு இறுக்கிக் கட்டினார்கள். குழாய் வழியாகக் கஞ்சி. இரண்டு விலா உடைந்திருந்ததால் இருமக்கூட முடியாது. ஒசுனா என்ற இளவயதுப் போலீஸ்காரன் வந்து கட்டிலருகே உட்கார்ந்தான். அவனும் அந்தப் பக்கத்துப் பையன்தான், ஆற்றுக்கு அப்பால். அவள் பல்லை இறுக்கியபடியே நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

மறுபடி வந்தபோது தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான். பிளாசிதோ கடையின் பின்னால் அடுப்புக் குழியில் இருந்தாராம். தோஞா தோமாசாவுக்கு வெயிலில் கண் கூசியதாம். கார் மேல் நின்றவர்கள் கார் மேல் நிற்கவே இல்லையாம், அந்த ஞாயிறு கடைக்கே போகவில்லையாம். உபால்தோ என்ன சொன்னான் என்று அவள் கேட்டாள். தெரு நாய் ஒன்று வந்து சிரிலோவைக் கடித்ததாகவும், எர்லிந்தா அதோடு மல்லுக்கட்டி விழுந்து அடிபட்டதாகவும், தான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாகவும் சொல்லியிருக்கிறான். நாயைக் காணோம். அவன் பின்கட்டைத் தோண்டிப் பார்க்க உத்தரவு வேண்டும், உத்தரவுக்கு அவளைத் தவிர ஒரு சாட்சியாவது வேண்டும்.

"நீங்க பொய் சொல்லலைன்னு எனக்குத் தெரியும்" என்றான் ஒசுனா. "ஆனா நான் நம்புறது போதாது."

அதே மருத்துவமனையின் மேல்மாடியில் சிரிலோ கிடந்தார். கழுத்தில் தைத்தார்கள், காயம் சீழ் பிடித்தது, காய்ச்சல் இறங்கவில்லை. நர்ஸ் ஒருத்தி எர்லிந்தாவைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பார்க்கக் கூட்டிப்போனாள். அவருக்கு நினைவு விட்டு விட்டு வந்தது. அவள் வாய்க் கம்பியைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்றார். கிண்டலாகத்தான் இருக்கவேண்டும், ஏனென்றால் கண் சிரித்தது. குரல் வரவில்லை. இரண்டு நாள் கழித்து இறந்துபோனார்.

சாவுக்கு எர்லிந்தாவின் தம்பி லாசாரோ வந்துவிட்டான். இறால் படகில் வேலை, கடலுக்குப் போனால் மாதக்கணக்கில் ஆளைக் காண முடியாது. துறையில் கால் வைத்ததுமே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குள் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்தான். வீங்கி, மஞ்சளும் ஊதாவுமாக, யாருடைய முகமோபோல இருந்தது.  சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான். டம்ளரைத் தொட்டியில் வைக்கும்போது அது உடைந்தது.

எர்லிந்தா அவன் சட்டையைப் பிடித்து, சிரிலோவுக்குச் சொல்லும் ஜெபமாலை முடியும்வரை வாயையும் கையையும் அடக்கிக்கொண்டிருக்கச் சொன்னாள். சத்தியம் வாங்கினாள். அவன் தலையாட்டினான்.

ஜெபமாலை பிற்பகலில், சவ அடக்கக்காரரின் கூடத்தில். உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சி முகத்தில் அடித்தது. காலையில் அந்தக் கூடத்து ஏசி நின்றுபோய்விட்டதாம். உபால்தோ உடனே வந்து சரி செய்துகொடுத்தானாம். வாசலில் நின்றவர்கள் அதைச் சிலாகித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். உபால்தோ போகவில்லை. கருப்புச் சட்டை மாற்றிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். காலடியில் கருவிப் பெட்டி. அவன் பக்கத்தில் மனைவி ஓராலியா, முழுக்கை ரவிக்கையோடு தலை குனிந்து மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் நடந்தது. எர்லிந்தாவுக்கு உதடு மட்டும்தான் அசைந்தது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து பெட்டியைச் சுற்றி வந்தார்கள். அப்போது உபால்தோ அவர்களிடம் வந்தான். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. அதுதான் அவனிடம் உள்ள கொடுமை. சிரிலோவுக்காக அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். லாசாரோவின் முன்னால் கையை நீட்டினான்.

"தம்பி, நடந்தது நடந்துபோச்சு. உங்க அக்கா மேல எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

லாசாரோ அந்தக் கையைப் பார்த்தான். பிறகு பக்கத்திலிருந்த இரும்பு மடக்கு நாற்காலியை எடுத்து அவன் முகத்தில் விசிறினான். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. இரண்டாவது வீச்சு தோளில் விழுந்தது. உபால்தோ தரையில் சாய்ந்து, கை போன போக்கில் அருகிலிருந்த தன் கருவிப் பெட்டியைத் துழாவினான். எழுந்தபோது நீளமான திருப்புளி ஒன்று அவன் கையில் இருந்தது. லாசாரோ நாற்காலியை மூன்றாவது தடவை ஓங்கினான், வயிறு காவலில்லாமல் இருந்தது. உபால்தோ கீழிருந்து மேலாகக் குத்தி உருவினான், மறுபடி குத்தினான். இருவரும் கட்டிப் புரண்டு சவப்பெட்டி வைத்த மேடையில் மோதினார்கள். மெழுகுவர்த்திகள் விழுந்து உருண்டன. பெண்கள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

எர்லிந்தா தம்பியின் மேல் விழுந்து இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திக்கொண்டாள். விரலிடுக்கில் சூடாக வந்துகொண்டே இருந்தது. கத்த வாய் திறக்கவில்லை, கம்பி ஈறைக் கிழித்தது.

உபால்தோ ஒரு கையால் புருவத்தைப் பொத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தான்.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? அவன்தான் முதல்ல அடிச்சான்."

எல்லோரும் பார்த்திருந்தார்கள். ஒசுனா வந்து விசாரித்தபோது சாட்சிக்குப் பஞ்சமில்லை. பிளாசிதோ பார்த்திருந்தார். தோஞா தோமாசா எந்த நாற்காலி, எந்தப் பக்கம் என்றுகூடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கடைக்கே போகாதவர்கள் இந்தக் கூடத்துக்கு வந்திருந்தார்கள், கண்ணும் நன்றாகத் தெரிந்தது. லாசாரோ அறுவை முடிந்து பிழைத்தான். குடலில் ஒரு முழம் வெட்டி எடுத்தார்கள். கண் விழித்தபோது ஒரு மணிக்கட்டு கட்டிலோடு விலங்கிடப்பட்டிருந்தது. உபால்தோ தற்காப்புக்காகக் குத்தினான் என்று எழுதிக்கொண்டு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், எர்லிந்தா தனியாக வீட்டில் இருந்தாள். பின்வாசல் வலைக்கதவை யாரோ நகத்தால் சுரண்டினார்கள். ஓராலியா. சமையல் துணி இடுப்பில், செருப்பு இல்லை.

"கொமாத்ரே, உள்ள வரலாமா?"

எர்லிந்தா கொக்கியை எடுத்துவிட்டாள், உட்காரச் சொல்லவில்லை. ஓராலியா நின்றுகொண்டே பேசினாள். பின்கட்டு வாசல் கொண்டி ஈஸ்டருக்கு முன்பே உடைந்துவிட்டது, சரி செய்யும்படி அவளும் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சண்டைக்குத் தயார் செய்ய அவன் சுல்தானுக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு காட்டவில்லை. நாயைப் புதைத்திருப்பது கொய்யா மரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில்.

"கொண்டிய மாத்துங்கன்னு சொன்னப்ப சிரிச்சார், கொமாத்ரே. பூட்டு இல்லாட்டியும் என் வீட்டுக்குள்ள எவன் வருவான்னார். நான் உள்ள வர்றவங்களப் பத்தியா சொன்னேன்? வெளிய போறதப் பத்திச் சொன்னேன்."

எர்லிந்தா பல்லிடுக்கில் கேட்டாள். "அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"ஜன்னல்ல."

"எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"எல்லாத்தையும்."

"இறங்கி வந்திருக்கலாமே, கொமாத்ரே. ஒரு சத்தமாவது போட்டிருக்கலாம்."

 ஓராலியா ரவிக்கையின் கையை முழங்கை வரை சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து மேலே, பழையதும் புதியதுமாகக் காயங்கள். சிலது நாயின் பல், சிலது இல்லை.

"உங்கள அவர் ஒரு நாள் அடிச்சார். நடுத்தெருவுல அடிச்சார். என்னை அடிக்கறப்ப கதவைச் சாத்திக்குவார். ஆனா மூணு வீடுதான கொமாத்ரே நடுவுல? சத்தம் உங்களுக்குக் கேக்காமலா இருந்திருக்கும்?"

கேட்டிருக்கிறது. எத்தனையோ சாயங்காலம் கேட்டிருக்கிறது. எர்லிந்தா அப்போதெல்லாம் ரேடியோவைக் கூட்டி வைத்திருக்கிறாள். அது அவர்கள் வீட்டு விஷயம், கொம்பாத்ரேயின் வீட்டு விஷயம். அவளால் ஓராலியாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஓராலியா உட்காரவில்லை.

"அவர் மேற்குப் பக்கம் ஒரு வேலைக்குப் போயிருக்கார். போலீஸ்ல சொல்ல இப்ப போனா உண்டு. நாளைக்குன்னா எனக்குத் தைரியம் இருக்காது."

எர்லிந்தா தன் செருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு, வேலைப் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சாவியை எடுத்தாள்.

தெருவை விட்டு வெளியேற ஒரே வழி, பிளாசிதோ கடையைத் தாண்டித்தான். கடைக்கு முன்னால் நிழலில் வழக்கமான ஆட்கள் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். திருப்பத்தில் உபால்தோவின் வேன் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அவன் கையை உயர்த்தி வணக்கம் சொன்னான். அப்புறம்தான் பக்கத்து இருக்கையில் யார் என்று பார்த்தான். வேனைச் சாலையின் குறுக்கே திருப்பி நிறுத்தினான். இறங்கும்போது குழாய் முடுக்குகிற கனத்த இரும்புத் திருகி கையில் இருந்தது, அவன் முழங்கை நீளம்.

ஓராலியா கதவைப் பூட்டிக்கொண்டாள். அவன் பதற்றமே இல்லாமல் நடந்து வந்து கண்ணாடியில் தட்டினான்.

"எங்க கூட்டிட்டுப் போறீங்க கொமாத்ரே, என் பொண்டாட்டிய?"

 அவன் கண்ணாடியை உடைத்தான். தூள் இருவர் மடியிலும் கொட்டியது. கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, ஓராலியாவை மயிரைப் பிடித்து இறக்கினான். அவள் வண்டிக் கதவைப் பற்றிக்கொண்டாள். அந்த விரல்களின் மேல் கதவைச் சாத்தினான். முதல் தடவையாக ஓராலியா கத்தினாள். அது கடை வரைக்கும் கேட்டது, அதற்கு அப்பாலும் கேட்டது. கடை முன்னால் ஒருவன் எழுந்து நின்றான், பிறகு பீர் புட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். உபால்தோ அவளைத் தார்ச்சாலையில் இழுத்துப்போய், வேனின் பக்கக் கதவைத் தள்ளி, கருவிகளுக்கு நடுவில் மூட்டைபோல எறிந்து கதவை இழுத்து மூடினான். ஓட்டுநர் இருக்கைக்குப் போக வேனின் முன்பக்கமாகச் சுற்றி வந்தான்.

எர்லிந்தா பின்னால் எடுத்து, வீட்டுக்குப் போய் போலீசைக் கூப்பிட்டிருக்கலாம். அவள் அதை யோசித்தாள். யோசித்துக்கொண்டே கியரைப் போட்டு மிதித்தாள்.

பிக்கப்பின் முன்கம்பி அவனை இடுப்புக்குக் கீழே வேனோடு சேர்த்து அடித்தது. தகரம் நசுங்கிய சத்தத்துக்குள் எலும்பு முறிந்த சத்தம் தனியாகக் கேட்டது. அவள் பின்னால் எடுத்தாள். அவன் சரிந்து விழுந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையைப் பார்த்துக் கிடந்தது.

அவள் இறங்கிப் போய், அவன் கையிலிருந்து விழுந்த திருகியை எடுத்தாள். அவன் மேல் நிழல் விழும்படி நின்றாள். அவன் முகம் சாம்பலாக வெளுத்திருந்தது.

"கொமாத்ரே... என் கால்... யாரையாவது கூப்பிடுங்க கொமாத்ரே."

வேனின் கதவைத் திறந்துகொண்டு ஓராலியா வெளியே வந்திருந்தாள். நசுங்கிய கையை மார்போடு பிடித்துக்கொண்டு பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எர்லிந்தாவின் கை தோளுக்கு மேல் உயர்ந்தது. நாயை அடித்தபோது இருந்த அதே கனம் கையில் இருந்தது. எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சுலபம்தான் அவளைப் பயமுறுத்தியது. திருகியை வேலிக்கு அப்பால் வீசினாள்.

"இனிமே என்னை அப்படிக் கூப்பிடாத, உபால்தோ" என்றாள். "நீ வேற யாரையாவது கூப்பிட்டுக்க."

ஒசுனா வந்தபோது ஓராலியா நடுத்தெருவிலேயே நின்று சொன்னாள், கொண்டியிலிருந்து கொய்யா மரம் வரை. அவள் முடிப்பதற்குள் பிளாசிதோ முன்னால் வந்தார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை தானும் பார்த்ததாகச் சொன்னார். கார் மேல் நின்ற ஒருவன் சொன்னான். பிறகு இன்னொருவன். தோஞா தோமாசா அழுதுகொண்டே சொன்னாள். கால் முறிந்து கிடக்கிறவனைப் பற்றிப் பேச அந்தத் தெருவில் எல்லோருக்கும் வாய் இருந்தது. எர்லிந்தா தன் வண்டியின் படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உபால்தோ மேல் இருந்ததைவிட அதிகமான வெறுப்பு அந்த நேரத்தில் அவர்கள் மேல் வந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கொய்யா மரத்தடியைத் தோண்டினார்கள். உபால்தோவுக்குச் சிறை கிடைத்தது, நீண்ட சிறை. எர்லிந்தாவும் வண்டியை ஏற்றியதற்காகக் கோர்ட் படி ஏறினாள். ஓராலியாவின் விரல்களை நீதிபதி பார்த்தார், நன்னடத்தைப் பிணையில் விட்டுவிட்டார். லாசாரோவின் விலங்கு கழன்றது. ஆனால் கனம் தூக்க முடியாத உடம்போடு படகில் ஏற முடியாது. துறையில் வலை தைக்கிற வேலையில் உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்து பழகாதவன். கோபம் எல்லாம் வீட்டில் வந்து இறங்கியது, அக்காவும் தம்பியும் பல நாள் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள்.

மிச்சமிருந்த நாய்களை நகராட்சி ஆட்கள் கூண்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள். ஊசி போட்டுக் கொல்லத்தான். தெரு கூடி நின்று பார்த்தது. ஒரு பெட்டை நாய் எர்லிந்தாவைக் கண்டதும் வாலை ஆட்டியது. அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஓராலியா சான் அன்டோனியோவுக்கு மகளிடம் போனாள். நோயெமி அங்கே நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அவர்களிடமிருந்து நெடுநாள் சேதி இல்லை. வாயிலிருந்து கம்பியை எடுத்து, தாடை திரும்பவும் மெல்லப் பழகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் வந்தது. நோயெமிதான். சின்ன வயதில் விடுமுறை விட்டால் எர்லிந்தாவின் கட்டிலில்தான் படுப்பாள். இப்போது குரல் விறைத்துப்போய் இருந்தது. அம்மாவின் விரல் இரண்டு மடங்கவில்லை என்றாள். பரீட்சை வருகிறது என்றாள். ஏதேதோ சொன்னாள். பிறகு, ஞானத்தாயைக் கூப்பிடுகிற அந்தப் பழைய சொல்லோடு கேட்டாள்.

"மத்ரீனா, ஒண்ணு கேக்கணும். அப்பாவக் கொல்லணும்னுதான் வண்டிய விட்டீங்களா?"

மறித்து நிறுத்தத்தான் என்று வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தான். கோர்ட்டில் அவள் அதைத்தான் சொன்னாள்.

"ஆமா மிஹா" என்றாள். "அந்த நேரத்துல, ஆமா."

 நோயெமி போனை வைத்துவிடுவாள் என்று எர்லிந்தா எதிர்பார்த்தாள். வைக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தாடை இன்னும் வலிக்கிறதா என்று நோயெமி கேட்டாள். குளிர் காற்று அடித்தால் வலிக்கிறது என்று எர்லிந்தா சொன்னாள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள் அந்தப் பெண், எப்படிக் கொடுக்கவேண்டும், எத்தனை முறை என்றெல்லாம் படிப்பில் சொல்லிக்கொடுத்தபடி விவரமாகச் சொன்னாள். எர்லிந்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் 'சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.